தராசில் ஏறிய கல்லூரி



விழா மலர் என்றாலே பழையதை எண்ணிப் பார்ப்பது வழக்கம். கோயிலுக்கு அடித்தளம் இட்ட ஆண்டு, மணிக்கூண்டு எழும்பிய ஆண்டு, பள்ளிக்கூடம் தொடங்கிய ஆண்டு எனக் கணக்கிட்டு, உழைத்தவர்களின் பெயரைச் சொல்லி மகிழ்கிறோம். அந்தப் பணியை இம்மலரில் பலர் செவ்வனே செய்திருக்கிறார்கள். என்னிடம் மலர்க் குழுவினர் கேட்டது கல்வி பற்றிய ஒரு வரலாற்றுக் கட்டுரை. ஆகவே வேறொரு நாட்டிலே, தன் வரலாற்றைத் தானே எழுதிக் கொடுக்கும்படி பணிக்கப்பட்டு, எழுதிக் கொடுத்ததன் விளைவாக மூடப்படும் நிலைக்கே வந்துவிட்ட ஒரு கல்லூரியின் கதையைச் சொல்ல விரும்புகிறேன். அது அமெரிக்காவிலுள்ள சான் பிரான்சிஸ்கோ நகரக் கல்லூரி.

அந்நகரின் பெயரே நமக்கு அந்நியமானதன்று. அசிசி நகர்ப் புனித பிரான்சிஸின் பெயரால் ஸ்பெயின் நாட்டுப் பிரான்சிஸ்கன் துறவியர் 1776-இல் அங்கே ஒரு மறைபரப்பு நிலையம் அமைத்தனர். அந்தப் பழைய கோயில் இன்றும் நிற்கிறது. ஏழைகளின் தோழரான புனிதரின் பெயரைத் தாங்கிய அந்நகர் இன்று உலகிலேயே வாழ்க்கைச் செலவு மிகுந்த ஊர்களுள் ஒன்றாகிவிட்டது. அங்கே ஏழை ஒருவன் படிப்பதற்கு இருந்த பெரிய வாயில் இந்தக் கல்லூரிதான்.

முதலில் 'சமுதாயக் கல்லூரி' என்பது யாது என்று சொல்லியாக வேண்டும். ஏனெனில் நம் ஊரில் கல்லூரி என்றால் பட்டம் என்பது பொருள். அமெரிக்காவில் 1901-ஆம் ஆண்டு இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் என்னும் ஊரில், ஓர் உயர்நிலைப் பள்ளியோடு ஒட்டியபடி, ஆறே மாணவர்களைக் கொண்டு இளநிலைக் கல்லூரி ஒன்று தொடங்கப்பட்டது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்த வில்லியம் ரெய்னி ஹார்ப்பரும், அப்பள்ளியின் தலைவர் ஸ்டான்லி பிரவுனும் இதற்கு வித்திட்டவர்கள். பல்கலைக்கழகப் படிப்பின் முதல் இரண்டு ஆண்டுகளை அவரவர் ஊரிலேயே, வீட்டுச் சோற்றை உண்டபடியே படித்துவிடலாம் என்பதே எண்ணம். கலிபோர்னியா மாநிலம் 1907-இல் இதற்கெனச் சட்டம் இயற்றியது. 1910-இல் பிரெஸ்னோ நகரில் அம்மாநிலத்தின் முதல் இளநிலைக் கல்லூரி எழுந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அதிபர் ட்ரூமன் அமைத்த உயர்கல்விக் குழு, 1947-இல் வெளியிட்ட அறிக்கையில், இத்தகைய நிறுவனங்களைச் 'சமுதாயக் கல்லூரி' என்று அழைத்தது. அன்றிலிருந்து அப்பெயர் ஊன்றிவிட்டது.

இந்தக் கல்லூரிகளின் சிறப்பு, கதவை அடைக்காமை. மதிப்பெண் கேட்பதில்லை; நுழைவுத் தேர்வு வைத்து வடிகட்டுவதில்லை. 1960-இல் கலிபோர்னியா வகுத்த உயர்கல்விப் பெருந்திட்டத்தின்படி, பள்ளி முடித்தவர்களுள் முதல் எட்டில் ஒரு பங்கினர் மாநிலப் பல்கலைக்கழகத்திற்கும், முதல் மூன்றில் ஒரு பங்கினர் அரசுக் கல்லூரிகளுக்கும் தகுதி பெறுவர். படிப்பால் பயன்பெறக் கூடிய எஞ்சியோர் அனைவரும் சமுதாயக் கல்லூரிகளுக்குச் செல்லலாம். அங்கே இரண்டாண்டு படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டில் போய்ச் சேர்ந்துகொள்ளவும் வழியுண்டு. ஆக, தெருக்கோடி வீட்டுப் பிள்ளைக்கும் பல்கலைக்கழகத்திற்கு ஒரு பின்வாயில் வைத்தார்கள். முன்வாயில் அடைபட்டவர்களுக்கு அந்தப் பின்வாயிலின் அருமை தெரியும்.

நிற்க. சான் பிரான்சிஸ்கோவில் இளநிலைக் கல்லூரி தோன்றியது 1935-இல். அது பெரும் பொருளாதாரச் சரிவின் காலம்; பள்ளி முடித்த இளைஞர்கள் வேலையின்றித் தெருவில் நின்றனர். ஆர்ச்சிபால்ட் கிளவுட் என்னும் கல்வி அதிகாரி முனைந்து நின்று கல்லூரியைத் தொடங்கி, அதன் முதல் தலைவரும் ஆனார். கட்டடம் கிடையாது. காலையில் பவல் தெருவில் பல்கலைக்கழகத்தின் விரிவாக்கக் கட்டடத்தில் ஒரு வகுப்பு. பிற்பகலில் கலிலியோ உயர்நிலைப் பள்ளியில் அடுத்த வகுப்பு. மாணவர்கள் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு டிராம் வண்டி ஏறி இறங்கி ஓடினார்கள். 'டிராம் வண்டிக் கல்லூரி' என்றே ஊரார் அதைக் கேலியும் பாசமுமாய் அழைத்தனர். ஓலைக் கொட்டகையிலும் திண்ணையிலும் பள்ளி தொடங்கிய நம் ஊர்ப் பெரியவர்கள் இதைக் கேட்டால் வியப்படைய மாட்டார்கள்.

1936-லேயே உணவு விடுதி மேலாண்மைப் படிப்பு தொடங்கப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது. துறைமுகமும் விடுதிகளும் நிறைந்த நகருக்கு எது தேவையோ அதைக் கற்பித்தார்கள். 1940-இல் நகரின் தென்பகுதியில் ஒரு குன்றின்மேல் சொந்தக் கட்டடம் எழுந்தது. அதை வரைந்தவர் திமோதி ஃபுளூகர் என்னும் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர். அதே ஆண்டு அந்நகரின் வளைகுடாத் தீவில் நடந்த உலகப் பொருட்காட்சியில், மெக்சிகோ நாட்டு ஓவியர் டியேகோ ரிவேரா மக்கள் கண்முன்னே ஒரு மாபெரும் சுவரோவியத்தைத் தீட்டினார். பத்துப் பலகைகள்; 22 அடி உயரம், 74 அடி அகலம். வட அமெரிக்காவும் தென் அமெரிக்காவும் கைகோக்கும் காட்சி. அது இக்கல்லூரி கட்டவிருந்த நூலகத்துக்கென்றே தீட்டப்பட்டது. ஆனால் போர் வந்தது, நூலகம் எழவில்லை. ஓவியம் பெட்டிகளுக்குள் அடைபட்டு இருபது ஆண்டுகள் கிடந்தது. 1961-இல்தான் கல்லூரி நாடக அரங்கின் முகப்பில் அதற்கு ஓர் இடம் கிடைத்தது. இடமும் அத்துணை விசாலமானதன்று. முழுவதையும் ஒரே பார்வையில் பார்க்க முடியாது என்று சென்று வந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஏழை வீட்டில் தங்கக் குத்துவிளக்கு இருந்தது போல் இருந்திருக்கிறது.

போர் முடிந்ததும் படைவீரர்கள் திரும்பினர். அவர்கள் படிப்புச் செலவை அரசே ஏற்கும் சட்டம் 1944-இல் வந்திருந்தது. கடற்படைப் பெண்கள் பிரிவினர் தங்கியிருந்த பாளயக் கட்டடங்களை வாங்கிக் கல்லூரி வகுப்பறைகளாக்கிற்று. 1948-இல் 'சான் பிரான்சிஸ்கோ நகரக் கல்லூரி' என்னும் இன்றைய பெயர் சூட்டப்பட்டது.

பெரிய மாற்றம் 1970-இல் வந்தது. அதுவரை நகரப் பள்ளி நிர்வாகத்தின் ஒரு கிளையாக இருந்த கல்லூரி, தனி மாவட்டமாகப் பிரிந்தது. பிரியும்போது முதியோர் கல்வி வகுப்புகளையும் தன்னோடு எடுத்துக்கொண்டது. இங்கேதான் இக்கல்லூரியின் தனித்தன்மை இருக்கிறது என்பது என் கருத்து. மற்ற பல ஊர்களில் முதியோர் கல்வியைப் பள்ளி நிர்வாகம் நடத்தும். கல்லூரி பட்டம், சான்றிதழ் என்று தன் வழியே போகும். இங்கோ இரண்டும் ஒரே கூரையின்கீழ் வந்தன. ஒரு வகுப்பில் பல்கலைக்கழகத்துக்குப் போகவிருக்கும் இளைஞன் கணிதம் படிப்பான். நகரின் மறுகோடியில், சீனர் குடியிருப்பில், பகலெல்லாம் தையற்கூடத்தில் உழைத்த தாய் ஒருத்தி மாலையில் வந்து ஆங்கில எழுத்துக்களைக் கூட்டிப் படிப்பாள். இலத்தீன் அமெரிக்கர் வாழும் மிஷன் பகுதியில் குடியுரிமைத் தேர்வுக்கு ஆயத்த வகுப்பு நடக்கும். பணி ஓய்வு பெற்ற முதியவர்கள் ஓவியமும் இசையும் பயில்வார்கள். ஆங்கிலம் கற்பது போன்ற இந்த வகுப்புகளுக்குக் கட்டணம் கிடையாது; மதிப்பெண்ணும் கிடையாது. நகரமெங்கும் கிளைகள் பரவின. சுமார் 90,000 மாணவர்கள் பயிலும் பெருநிறுவனமாக 2010-ஐ ஒட்டி அது வளர்ந்திருந்தது.

வளர்ந்த குடும்பத்தில் செலவும் வளரும். 1978-இல் கலிபோர்னிய மக்கள் ஒரு வாக்கெடுப்பின் மூலம் சொத்து வரிக்கு உச்சவரம்பு கட்டினர். ஊர் வரியில் நடந்துவந்த கல்லூரிகள் அன்று முதல் மாநில அரசின் கையை எதிர்பார்க்கலாயின. இலவசமாய் இருந்த கல்லூரிப் பாடங்களுக்கு 1984-இல் முதன்முறையாகக் கட்டணம் விதிக்கப்பட்டது. 2008-இல் நாடெங்கும் நிதி நெருக்கடி. மாநில அரசு ஒதுக்கீட்டை வெட்டிற்று. பல கல்லூரிகள் வகுப்புகளை மூடி, ஆசிரியர்களை வெளியேற்றிச் சமாளித்தன. சான் பிரான்சிஸ்கோ நகரக் கல்லூரி கூடுமானவரை ஒருவரையும் வெளியேற்றாமல், கிளைகளையும் மூடாமல், சேமிப்பைக் கரைத்துக் காலம் தள்ளியது. வரவின் பெரும் பகுதி, நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல், சம்பளத்துக்கும் ஊழியர் நலத்துக்குமே போயிற்று. கையிருப்போ மெலிந்துகொண்டே வந்தது. இதை இரக்கம் என்பதா, பொறுப்பின்மை என்பதா? இரண்டும் ஒரே செயலில் இருக்கக்கூடும். வீட்டுத் தலைவர்கள் பலருக்கு இது விளங்கும்.

இனித் தரச்சான்று பற்றிக் கூறுவோம். அமெரிக்காவில் கல்லூரிகளுக்குத் தரச்சான்று வழங்குவது அரசு அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கல்லூரிகளும் பள்ளிகளும் தாமே கூடி வட்டாரச் சங்கங்கள் அமைத்துக்கொண்டன. நியூ இங்கிலாந்துச் சங்கம் 1885-லேயே தோன்றிவிட்டது. 'நமக்குள் யார் உண்மையில் கல்லூரி, யார் பெயருக்குக் கல்லூரி' என்று தமக்குள் பார்த்துக்கொள்வதே நோக்கம். பின்னர் 1952-இல் படைவீரர் கல்வி உதவிச் சட்டமும், 1965-இல் உயர்கல்விச் சட்டமும் வந்தபோது, நடுவண் அரசின் உதவித்தொகை தரச்சான்று பெற்ற கல்லூரி மாணவர்களுக்கே கிடைக்கும் என்ற நிலை உருவாயிற்று. அன்றுமுதல் நண்பர்களின் அறிவுரையாக இருந்தது உயிர்நாடியைப் பிடித்த கையாக மாறிவிட்டது. சான்று போனால் உதவித்தொகை போகும். மாநில மானியம் போகும். படித்த பாடங்களைப் பிற பல்கலைக்கழகங்கள் ஏற்குமா என்பதும் ஐயமாகும். பிறகு கல்லூரி பூட்டப்பட வேண்டியதுதான்.

நடைமுறை இவ்வாறு: சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கல்லூரி தன்னைத் தானே ஆய்ந்து ஒரு பெரிய அறிக்கை எழுத வேண்டும். எம் குறிக்கோள் யாது, அதை எவ்வளவு நிறைவேற்றினோம், மாணவர் கற்றதை எவ்வாறு அளந்தோம், பணத்தை எவ்வாறு செலவிட்டோம், யார் முடிவு எடுக்கிறார்கள் என்று எழுத வேண்டும். பின்னர் பிற கல்லூரிகளைச் சேர்ந்தவர்கள் ஒரு குழுவாக வந்து, சில நாட்கள் தங்கி, எழுதியதும் நடப்பதும் ஒத்திருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். ஆயர் பங்கைச் சந்திக்க வரும்போது ஞானஸ்நானப் பதிவேட்டையும் கணக்குப் புத்தகத்தையும் பார்வையிடுவது நம் மக்கள் அறிந்ததே. ஏறக்குறைய அதுபோல எனக் கொள்க. ஆனால் ஆயர் கோயிலைப் பூட்டிச் சாவியை எடுத்துப் போவதில்லை.

கலிபோர்னியாவின் சமுதாயக் கல்லூரிகளுக்கு இந்தப் பணியைச் செய்துவந்த ஆணையம், 2012-ஆம் ஆண்டு நகரக் கல்லூரியின் அறிக்கையைப் பெற்று, குழுவை அனுப்பிப் பார்த்துவிட்டு, ஜூலை மாதம் தன் முடிவை வெளியிட்டது. சான்றைப் புதுப்பிக்கவில்லை. எச்சரிக்கை, நன்னடத்தைக் கண்காணிப்பு ஆகிய படிகளையெல்லாம் தாண்டி, 'உம் சான்றை ஏன் நீக்கக்கூடாது என்பதற்குக் காரணம் காட்டுக' என்னும் கடைசிப் படிக்கே நேராகச் சென்றுவிட்டது. 14 குறைகள் சுட்டப்பட்டன. 2006-இல் முன்னைய ஆய்வின்போது சொல்லப்பட்டவற்றுள் பல இன்னும் தீரவில்லை என்பதும் அவற்றுள் அடங்கும். திருத்திக்கொள்ள ஓராண்டுக்கும் குறைவான தவணை. அத்தோடு, மூட நேர்ந்தால் எவ்வாறு மூடுவது என்ற திட்டத்தையும் கல்லூரியே வகுத்துத் தர வேண்டும் என்று ஆணை.

அந்த 14 குறைகளைப் பார்த்தால் ஒன்று புலனாகும். ஆசிரியர் சரியாகக் கற்பிக்கவில்லை என்றோ, மாணவர் ஒன்றும் அறியாமல் வெளியேறுகின்றனர் என்றோ அது சொல்லவில்லை. திட்டமிடல் இல்லை, கையிருப்பு போதாது, நிர்வாக அலுவலர்கள் குறைவு, பாடத்துறைத் தலைவர்கள் கையில் அதிகாரம் மிகுதி, தேர்தலால் வந்த ஏழு ஆட்சிக் குழு உறுப்பினர்கள் ஒருமனப்பட்டு இயங்கவில்லை, மாணவர் கற்றதை அளந்து ஏட்டில் பதியவில்லை. இவைதாம் பெரும்பாலானவை. இவற்றுள் பல உண்மையே என்பதை மறுக்க இயலாது. முடிவு எடுக்க வேண்டிய இடத்தில் பேச்சும், கணக்குப் பார்க்க வேண்டிய இடத்தில் நம்பிக்கையும் இருந்தன. ஆறு ஆண்டுகளுக்கு முன் சொன்னதைக் கேட்காதவர்கள், ஆறாண்டு கழித்து அதிர்ச்சியடைவதில் பொருளில்லை. எனினும், பாத்திரம் விளக்கவில்லை என்பதற்காக அடுப்பையே இடிக்கலாமா என்று நகர மக்கள் கேட்டதிலும் நியாயம் இருந்தது.

இதைவிட ஆழமான மாற்றம் ஒன்று அந்த ஆண்டு நிகழ்ந்தது. அதைப் பத்திரிகைகள் அவ்வளவாகப் பெரிதுபடுத்தவில்லை. கல்லூரியின் குறிக்கோள் உரை திருத்தப்பட்டது. அதுகாறும் பட்டம், தொழிற்சான்று, ஆங்கிலம், குடியுரிமை, வாழ்நாள் கல்வி, கலைப் பண்பாட்டு வளம் எல்லாம் ஏறத்தாழ ஒரே வரிசையில் நின்றன. 2012 இலையுதிர் காலத்தில் அவ்வரிசை இரண்டாகப் பிரிக்கப்பட்டது. பல்கலைக்கழகத்துக்கு மாறுதல், இரண்டாண்டுப் பட்டம், தொழிற்சான்று, ஆங்கிலம் உள்ளிட்ட அடிப்படைத் திறன் ஆகியவை முதன்மை. முதியோர் ஓவிய வகுப்பும் வாழ்நாள் கல்வியும் முதன்மை வரிசையிலிருந்து இறங்கின. பணம் இல்லாதபோது எதை முதலில் காப்பது என்று முடிவு செய்யத்தான் வேண்டும். அதில் பிழை காண்பது எளிது, மாற்றுச் சொல்வது கடினம். ஆனால் கேள்வி அத்துடன் நிற்கவில்லை. எழுபது வயதில் ஒருத்தி பாட்டுக் கற்றுக்கொள்வதை எந்த அட்டவணையில் அளப்பது? நான்கு ஆண்டுகள் ஆங்கிலம் படித்துவிட்டுப் பட்டம் பெறாமல் ஒரு கடையில் வேலைக்குப் போய்விட்டவன் கல்லூரியின் தோல்வியா, வெற்றியா? பட்டம் முடித்தோர் எண்ணிக்கையை மட்டும் பார்க்கும் கணக்கில் அவன் 'இடையில் நின்றவன்' ஆகிறான். அந்தக் கணக்கின்படி நம் ஊரில் மாலை நேர எழுத்தறிவு வகுப்பில் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்ட தாய்மார் அனைவரும் இடையில் நின்றவர்களே.

மக்கள் வாளாவிருக்கவில்லை. 2012 நவம்பரில் நடந்த வாக்கெடுப்பில், ஒவ்வொரு நில உடைமைக்கும் ஆண்டுக்கு 79 டாலர் வீதம் எட்டாண்டுகள் கூடுதல் வரி செலுத்தி இக்கல்லூரியைத் தாங்குவதாக மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்டோர் வாக்களித்தனர். தம்மேல் தாமே வரி விதித்துக்கொள்ளும் மக்களை நாம் அடிக்கடி காண்பதில்லை. சீனர் குடியிருப்பு மக்கள் பல்லாண்டு போராடிப் பெற்ற புதிய மாடிக் கட்டடமும் அதே 2012-இல்தான் திறக்கப்பட்டது. வாயிலில் வாழ்த்துப் பலகை தொங்கியபோதே உள்ளே மூடுவிழாத் திட்டம் எழுதப்பட்டுக்கொண்டிருந்தது என்று சொல்லலாம்.

கல்லூரிக்குள் ஊதியம் குறைக்கப்பட்டது; துறைத் தலைவர்கள் எண்ணிக்கை சுருங்கிற்று; இரவும் பகலும் உட்கார்ந்து அறிக்கைகள் எழுதினார்கள். 2013 மார்ச்சில் அவை அனுப்பப்பட்டன. ஏப்ரலில் குழு மீண்டும் வந்து பார்த்தது. ஜூலை 3-ஆம் நாள் தீர்ப்பு வெளிவந்தது: 14-இல் இரண்டே முழுதும் நிறைவேறின, ஆகவே 2014 ஜூலை 31-ஆம் நாளோடு சான்று நீக்கப்படும். மாநில அரசு, மக்கள் தேர்ந்தெடுத்த ஆட்சிக் குழுவை ஒதுக்கி வைத்து, ராபர்ட் அக்ரெல்லா என்னும் தனி அலுவலரிடம் முழு அதிகாரத்தையும் ஒப்படைத்தது.

அச்சம் தீப்போலப் பரவும். கல்லூரி இன்னும் திறந்திருக்கிறது, சான்று இன்னும் செல்லுபடியாகிறது என்று எவ்வளவு சொல்லியும், 'மூடப்போகிறார்களாமே' என்ற சொல்லே நின்றது. பல்லாயிரவர் பதிவு செய்யாமல் விட்டனர். மாணவர் குறையக் குறைய மானியமும் குறையும் என்பது அங்குள்ள விதி. ஆக, நோய் ஒருபுறம், நோய் பற்றிய செய்தியால் வந்த மெலிவு மறுபுறம். 2014-இல் மாநிலச் சட்டமன்றம் தனிச் சட்டம் இயற்றி, மாணவர் குறைந்தாலும் சில ஆண்டுகளுக்கு மானியம் அந்த அளவில் குறையாதபடி ஏணை கட்டிக் கொடுத்தது.

அதற்கிடையில் தராசைப் பிடித்த கையையே தராசில் ஏற்றினார்கள். ஆசிரியர் சங்கம் 2013 ஏப்ரலில் நடுவண் கல்வித் துறைக்கு முறையிட்டிருந்தது. அத்துறை ஆகஸ்டு மாதம் பதிலளித்தபோது, ஆய்வுக் குழுக்களில் கற்பிப்போர் போதிய அளவில் இல்லை என்றும், ஆணையத் தலைமை அலுவலரின் கணவரே ஒரு குழுவில் இருந்தது நடுநிலை பற்றி ஐயம் எழ இடந்தருகிறது என்றும் சுட்டிக் காட்டியது. அதே மாதம் நகரத்தின் அரசு வழக்குரைஞர் டென்னிஸ் ஹெரேரா ஆணையத்தின்மேல் வழக்குத் தொடுத்தார். நீதிபதி கர்ட்டிஸ் கார்னோ 2014 ஜனவரி 2-ஆம் நாள், வழக்கு முடியும்வரை சான்றை நீக்கக்கூடாது என்று தடை விதித்தார். அக்டோபரில் விசாரணை நடந்தது. 2015 தொடக்கத்தில் வந்த தீர்ப்பு, ஆணையம் நான்கு வகையில் சட்டத்தை மீறியது என்றது. குழுவின் அமைப்பும், நடுநிலை பற்றிய ஐயமும் அவற்றுள் அடங்கும். எல்லாவற்றினும் முதன்மையானது, 2013-இல் புதிதாகக் கண்ட குறைகளுக்குப் பதில் சொல்லக் கல்லூரிக்கு வாய்ப்பே தராமல் தீர்ப்பளித்தது. குற்றம் சாட்டப்பட்டவன் வாய் திறக்கும்முன் தண்டனை எழுதப்பட்டது என்பது இதன் பொருள். ஆயினும் நீதிமன்றம் ஆணையத்தின் முடிவை அப்படியே தூக்கி எறியவில்லை. எழுத்தில் காரணம் தந்து, பதிலைக் கேட்டு, மீண்டும் எண்ணிப் பார்க்கும்படி பணித்தது. கல்லூரி குற்றமற்றது என்று அது சொல்லவில்லை என்பதை வெற்றி ஆரவாரத்தில் பலர் கவனிக்கவில்லை.

ஆணையமும் இறங்கி வந்தது. 2014-இல் 'மீட்பு நிலை' என்னும் புதிய விதி ஒன்றை ஏற்படுத்தி, 2015 ஜனவரியில் இரண்டாண்டுத் தவணை கொடுத்தது. கல்லூரியும் சோம்பியிருக்கவில்லை. கணக்குகள் ஒழுங்காயின, கற்றலை அளக்கும் முறை ஏற்பட்டது, ஆட்சிக் குழு தன் அதிகாரத்தைப் படிப்படியாகத் திரும்பப் பெற்றது. இவ்வளவுக்கும் நடுவே 2015 ஜனவரியில், நிலநடுக்கத்தைத் தாங்காது என்று சொல்லி நகர மையக் கிளை திடீரென மூடப்பட்டது. அங்கே ஆங்கிலம் படித்த ஏழை மக்கள் வேறிடம் தேடி அலைந்தனர், சிலர் வரவே இல்லை. 2017 ஜனவரியில் ஏழு ஆண்டுகளுக்கு முழுச் சான்று புதுப்பிக்கப்பட்டது.

இத்தகைய சோதனையில் எல்லாரும் பிழைத்ததில்லை. தென் கலிபோர்னியாவில், கறுப்பின மக்களும் இலத்தீன் அமெரிக்கரும் மிகுந்த காம்ப்டன் நகரக் கல்லூரி 2006-இல் சான்றை இழந்தே விட்டது. பக்கத்து ஊரின் எல் கமினோ கல்லூரி அதைத் தன் கிளைபோல் ஏற்று நடத்தியதால் வகுப்புகள் நிற்கவில்லை. மீண்டும் சொந்தப் பெயரில் சான்று பெற 2017 ஆகிவிட்டது. அங்கே வழக்காட வசதியுள்ள நகர நிர்வாகமோ, கூடுதல் வரி செலுத்த வல்ல உடைமையாளர்களோ இல்லை. பணமுள்ள ஊரின் ஏழைக்கும் பணமில்லாத ஊரின் ஏழைக்கும் உள்ள வேறுபாடு இந்த இரண்டு கல்லூரிகளின் கதையில் தெரிகிறது.

இந்த மாதிரிக் கல்லூரி நம் நாட்டுக்கும் வந்தது என்பதை இங்கே சொல்லாமல் விடலாகாது. 1995-இல் புதுச்சேரியில் பல்கலைக்கழகத்தின் சார்பிலும், 1996-இல் சென்னை-மயிலை உயர்மறைமாவட்டத்தின் முயற்சியாலும் சமுதாயக் கல்லூரிகள் தொடங்கப்பட்டன. பள்ளியில் இடைநின்ற இளைஞர்க்கும் பெண்களுக்கும் ஓராண்டில் ஒரு தொழிலும் சிறிது ஆங்கிலமும் வாழ்க்கைத் திறனும் கற்றுத் தருவது அவற்றின் நோக்கம். இயேசு சபைக் குரு சேவியர் அல்போன்ஸ் 1999-இல் சென்னையில் அமைத்த மையம் இவ்வியக்கத்தை நாடெங்கும் பரப்பிற்று. தரச்சான்று முறையும் நமக்குப் புதிதன்று. அதற்கான தேசியக் குழு 1994-இல் பெங்களூரில் நிறுவப்பட்டது. அக்குழு வருகிறது என்றால் நம் கல்லூரிகளில் சுண்ணாம்பு அடிப்பதும், பூந்தொட்டி வைப்பதும், பழைய கோப்புகளைத் தூசு தட்டுவதும் எல்லாருக்கும் தெரிந்த காட்சி. அந்த ஒரு வாரச் சுறுசுறுப்பில் பாதி ஆண்டு முழுதும் இருந்தால் குழு எதற்கு?

மீண்டும் அந்நகருக்கு வருவோம். 2016 நவம்பரில் மக்கள் மற்றுமொரு வாக்களிப்பில், 50 லட்சம் டாலருக்கும் மேல் விலைபோகும் சொத்துக்கள் கைமாறும்போது செலுத்தும் வரியை உயர்த்த ஒப்பினர். அந்த வருவாயைக் கொண்டு, 2017 இலையுதிர் காலம் முதல், நகரில் குடியிருப்போர் எவரும் இக்கல்லூரியில் கட்டணமின்றிப் படிக்கலாம் என்று நகர நிர்வாகம் அறிவித்தது. 1984-இல் போன இலவசக் கல்வி முப்பத்து மூன்று ஆண்டு கழித்து அந்நகரில் திரும்பிற்று. ஆனால் அஞ்சி ஓடிய மாணவர் அனைவரும் திரும்பவில்லை. பின்னர் கொள்ளை நோய் வந்தது. வரவுக்கும் செலவுக்கும் இடையே பள்ளம் மறுபடியும் தோன்ற, வகுப்புகள் வெட்டப்பட்டன. 2022-இல் நிரந்தர ஆசிரியர் பலரும் வேலை இழந்தனர். ரிவேராவின் ஓவியம் 2021-இல் கழற்றி எடுக்கப்பட்டு நகரின் நவீனக் கலைக்கூடத்தில் கடனாக வைக்கப்பட்டது. 74 அடி அகலத்தையும் ஒருசேரக் கண்ட மக்கள் அங்கே திரள் திரளாக வந்தார்கள். அந்தக் காட்சி 2024 தொடக்கத்தில் முடிவுற்றது. அதே மாதம் தரச்சான்று ஆணையம் கல்லூரிக்கு ஓர் எச்சரிக்கை அனுப்பியது. அதிலும் ஆட்சிக் குழுவின் நடைமுறையும் நிதி நிலையுமே குறிப்பிடப்பட்டிருந்தன.